கரை என்று எழுதிய எடித் மிஸ்

மன்னார்த் தீவில் என் முகத்துக்கு நேரே என்னை மடையன் என்று சொன்னவர் ஒருவர்தான். பேசாலைப் பாமசியில் மருந்து கொடுத்த எடித் மிஸ். அவர் கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று மருந்தாளர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு நல்லதாக வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

லோறன்ஸ் எடித் மேரி என்பது முழுப்பெயர். தகப்பன் பேசாலையில் கருவாட்டு வியாபாரி. எடித் மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் நான்கு வருஷம் நின்று பழகி, மருந்தாளர் சோதனையில் தேறி, 1966இல் ஊருக்குத் திரும்பினார். கலியாணம் செய்யவில்லை. பேசிவந்தவர்களைத் தானே வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கடைக்கு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்புவதைக் கண்ணால் கண்டவன் நான், அதனால் நம்புகிறேன். "அந்தப் பச்சைக் குளிசையில நாலு தாங்கோ அக்கா" என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. "நிறம் பார்த்து வாங்கிறதெண்டா பெயின்ற் கடைக்குப் போ" என்பார். டொக்டர் மருந்து எழுதிய துண்டு இல்லாமல் வந்தவர் பங்குச் சுவாமியாக இருந்தாலும் வெறுங்கையோடுதான் போக வேண்டும். மன்னார்ப் பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் பதிவுபெற்ற மருந்தாளர் அவர் ஒருவரே. அந்தத் திமிர் அவருக்கு நிறைய இருந்தது.

நான் கனகரத்தினம். மன்னார்ப் பட்டினத்தில் மருந்தாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் மருந்தாளராக விரும்புகிற பிள்ளை, ஒரு பாமசியில் பதிவுபெற்ற ஒருவரின் கீழ் இரண்டு வருஷம் நின்று பழக வேண்டும். என்ன பழகியது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கினால்தான் சோதனைக்கு இருக்கலாம். நடந்தது என்னவென்றால், பிள்ளைகள் இரண்டு வருஷமும் போத்தல் துடைத்தார்கள், முதலாளிக்குத் தேத்தண்ணீர் வாங்கி வந்தார்கள், கடைசி நாளில் மொத்தக் குறிப்பேட்டுக்கும் ஒரே இருப்பில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள். இதை மாற்ற வேண்டுமென்றால் முதலில் மருந்தாளர்களுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். கொழும்பில் இரண்டு கிழமை வகுப்புக்குப் போய், ஒரு பச்சை மட்டைப் புத்தகத்தோடு திரும்பி வந்தவன் நான் ஆகையால், படிப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று பணிவாகச் சொல்கிறேன். உண்மையில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

1981 தை மாதம் மன்னாரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு வைத்தேன். ஒன்பது மருந்தாளர்கள் வந்தார்கள். எட்டுப்பேர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். எடித் மிஸ் கடைசி வரிசை வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிள்ளை பிழைவிட்டால் ஏசக்கூடாது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும் என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிஸ்டர், நீங்கள் கடைசியா எப்ப கடையில நிண்டு மருந்து குடுத்தனீங்கள்?"

மற்ற எட்டுப்பேரும் என்னைச் சேர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு மட்டும் நான் மிஸ்டர்.

இரண்டாம் நாள் நடித்துக் காட்டும் பயிற்சி. நான் மாணவனாக நடிப்பது, வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பழக்குவது. வேண்டுமென்றேதான் எடித் மிஸ்ஸை முதலில் கூப்பிட்டேன். இரண்டு போத்தல்களை மாற்றி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் அவரைப் பார்த்தேன். அவர் போத்தல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீட்டை போங்கோ" என்றார். "நாளைக்கு வாறதெண்டா முகத்தைக் கழுவி, நித்திரை முறிச்சு வாங்கோ."

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அந்த மனுஷியைக் கண்ணில் காட்ட ஏலாது. ஆனாலும் மாணவரைப் பழக்கலாம் என்ற அத்தாட்சிப் பத்திரத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். தீவுக் கரைக்கு வேறு ஆள் இல்லை. அத்தோடு, நின்று பழக இடம் கிடைக்காமல் ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் மனோன்மணி. முருங்கனில் வயல் செய்கிற நடராசாவின் இரண்டாவது மகள், இருபத்தொரு வயது. தகப்பன் இரண்டே இரண்டு வருஷம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் குறிப்பேடு நிரம்பிச் சோதனைக்கு இருந்தால் சரி. இல்லையென்றால் மாமன் மகன் தயாராக இருந்தான், மனோன்மணிக்கு அவனைப் பிடிக்காது. ஆக, அந்தப் பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் ஒரு நீல மட்டைக் குறிப்பேட்டில் இருந்தது. எடித் மிஸ் அதில் நாளாந்தம் கையொப்பமிட வேண்டும், மாத முடிவில் நான் பார்த்து ஒப்பமிட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த மாதம் கணக்கில் வராது.

அவள் தினமும் முருங்கனில் ரயிலேறிப் பேசாலைக்கு வந்தாள். எடித் மிஸ் அவளைப் போத்தல் துடைக்க விடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே மருந்து எண்ண விட்டார். ஆனால் வாயைத் திறந்தால் ஏச்சு. எண்ணிய குளிசையைத் திரும்பத் தட்டில் கொட்டி "மறுபடி" என்பார். ஏன் என்று கேட்டால், "கண் இருக்குதுதானே, பார்" என்பார். மாதம் ஒருமுறை நான் போனால் கதிரைகூடக் காட்டமாட்டார். நின்றபடியே குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு வருவேன்.

வைகாசியில் அந்தக் குறிப்பேட்டில் மனோன்மணி ஒன்று எழுதியிருந்தாள். மருந்து போட்டுக் கொடுக்கும் கடதாசி உறையில் காலை, பகல், இரவு என்று அச்சடித்திருக்கும், எந்த வேளையோ அந்தக் கட்டத்தில் அடையாளம் இட்டுக் கொடுப்போம். அவள் எழுதியது: எடித் மிஸ் சிலருடைய உறையில் இரவு என்பதை வெட்டிவிட்டுக் கரை என்று கையால் எழுதிக் கொடுக்கிறார். டொக்டர் எழுதியதற்கு இது மாறு. காரணம் கேட்டேன், சொல்லவில்லை. இவ்வளவுதான்.

எனக்குச் சர்க்கரை சாப்பிட்டதுபோல் இருந்தது. அன்றைக்கே கடிதம் எழுதினேன். மாணவியின் குறிப்பேட்டிலிருந்து அறியக்கிடைத்தது என்று தொடங்கி, உறையில் அச்சிட்ட வேளைகளைத் தவிர வேறு எதுவும் எழுதலாகாது, மீறினால் இம்மாணவியின் பயிற்சிக் காலம் ஏற்கப்படாது என்று முடித்தேன். எடித் மிஸ்ஸை வெருட்ட என் கையில் வேறு தடி இருக்கவில்லை. அந்தப் பிள்ளையைத் தடியாக்கினேன்.

இரண்டாம் நாள் எடித் மிஸ் ரயிலில் மன்னாருக்கு வந்தார். கடிதம் கையில்.

"இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம், மிஸ். இருங்கோ."

இருக்கவில்லை. "பேசாலையில ஆம்பிளையள் பொழுதுபடக் கடலுக்குப் போய் விடியத்தான் கரைக்கு வாறவங்கள். வலையில வாற சொறிமுட்டை பட்டுக் கை கால் தடிச்சு வருவாங்கள். அதுக்குக் குடுக்கிற குளிசை நித்திரையாக்கும். டொக்டர் இரவு படுக்க முதல் எண்டு எழுதுறார், அவர் ஊர் வேற. இரவு எண்டு போட்டா அவன் நடுக்கடலில நித்திரை கொள்ளுவான். கரைக்கு வந்து போடு எண்டுதான் நான் எழுதுறது. ஊருக்கே அது விளங்கும்."

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கியது. பிறகுதான் விளங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் பொய். விளங்கியது. அந்த மண்டபத்துச் சிரிப்பும் கூடவே காதில் கேட்டது.

"அதை வாயால சொல்லிக் குடுங்கோ, மிஸ்" என்றேன். "உறை உறையா இருக்கட்டும். சட்டம் எல்லாருக்கும் ஒண்டு."

"சனம் கூடின நாளில ஆருக்குச் சொன்னன், ஆருக்குச் சொல்லேல்லை எண்டு நான் எப்பிடி நினைவு வைச்சிருக்கிறது?"

"அது உங்கட பொறுப்பு. மீறினா அந்தப் பிள்ளையின்ர புத்தகத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "நீங்கள் ஒரு மடையன், மிஸ்டர் கனகரத்தினம்" என்றார். சத்தம் போடாமல், மருந்தின் பெயரை வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அதற்குப் பிறகு கரை என்று எழுதவில்லை. நான் போய் உறைகளைப் பார்த்தேன். எல்லாம் அச்சிட்டபடி இருந்தன. வெற்றி என்று நினைத்தேன். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரையும் வாசல்வரை துரத்திப்போய், "இரவு எண்டு கிடக்கும், நீ கரைக்கு வந்து போடு" என்று அவர் கத்திக்கொண்டிருந்தாராம். பிறகு கேள்விப்பட்டேன். என் கடிதத்தைப் பற்றி மனோன்மணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இனி அச்சில உள்ளபடி போடு" என்று மட்டும் சொன்னார். தன் குறிப்பு வேலை செய்துவிட்டது என்று அந்தப் பிள்ளையும் சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஆவணியில் மடு மாதா கோயில் திருநாளுக்கு முந்திய கிழமை. மடுவுக்குப் போகிற சனம் பயணத்துக்கு மருந்து வாங்கக் கடையை மொய்த்துக்கொண்டு நின்றது. அந்த நெரிசலில் மார்த்தா என்ற பெண் தன் புருஷன் கிறகரியின் துண்டைக் கொடுத்தாள். சொறிமுட்டைக் கடிக்குக் குளிசை. மனோன்மணி எண்ணிப் போட்டு, இரவு என்ற கட்டத்தில் அடையாளம் இட்டாள். எடித் மிஸ் வரிசையாக வந்த உறைகளைச் சரிபார்த்து, ஒவ்வொன்றிலும் தன் ஒப்பத்தை வைத்தார். மார்த்தாவிடம் சொல்ல நிமிர்ந்தபோது மார்த்தா போய்விட்டாள்.

மார்த்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். முந்திய தடவை இதே குளிசைக்கு உறையில் கரை என்று இருந்தது அவளுக்கு ஞாபகம். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் சந்தேகப்பட்டுத் திரும்பிப்போய்க் கேட்டிருப்பாள். பேசாலைப் பெண் கேட்கவில்லை. பின்னர் விசாரணையில் அவள் சொன்னது இது: "எடித்தக்கா இரவு எண்டு போட்டா இரவுதான். முந்தி கரை எண்டு போட்டவ இப்ப மாத்திப் போட்டிருக்கிறா எண்டா அதுக்கு ஏதும் காரணம் இருக்கும் எண்டு நினைச்சன்."

பொழுதுபடச் சோற்றோடு குளிசையையும் கொடுத்து அனுப்பினாள். கிறகரியும் அவருடைய மைத்துனன் அருளப்புவும் வள்ளத்தில் போனார்கள். எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்த கிறகரி அப்படியே அயர்ந்துவிட்டார். கச்சான் காற்றுக்கு வள்ளம் குறுக்காகத் திரும்பிக் கவிழ்ந்தது. எஞ்சின் விசிறி அருளப்புவின் வலது காலைக் கிழித்தது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தவர்களை மூன்றாம் நாள் விடிய விடத்தல்தீவு ஆட்கள் கண்டு ஏற்றினார்கள். இருவரும் உயிர் தப்பினார்கள். அருளப்பு அதற்குப் பிறகு நேராக நடக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் விசாரணை. கொழும்பிலிருந்து இருவர் வந்தார்கள். பயிற்சிக்குப் பொறுப்பானவன் என்று என்னையும் பக்கத்தில் இருத்தினார்கள். மனோன்மணியை முதலில் கூப்பிட்டு, உறையில் உள்ளது உன் கையெழுத்தா என்று மட்டும் கேட்டார்கள். ஓம் என்றாள். அவளுடைய குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வெளியே வாங்கில் போய் இருக்கச் சொன்னார்கள். மாணவியின் பிழை என்று முடிந்தால் குறிப்பேடு ரத்து. தகப்பன் நடராசாவும் வெளியே வந்து நின்றார்.

பிறகு எடித் மிஸ்.

"முந்தின உறையளில கரை எண்டு எழுதியிருக்கிறியள். இதில ஏன் இல்லை?"

என் மடியில் கடிதக் கோவை இருந்தது, அதில் என் கடிதத்தின் பிரதி. எடித் மிஸ் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். கேள்வி கேட்டவரே தொண்டையைச் செருமினார்.

"மறந்துபோனன்" என்றார் எடித் மிஸ்.

"மாணவிக்கு இதைச் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"இல்லை. நான் சொன்னபடிதான் அந்தப் பிள்ளை அடையாளம் போட்டது. பார்த்து ஒப்பம் வைச்சது நான். பிழை என்ர."

ஆறு மாதம் மருந்து கொடுக்கக்கூடாது, இனி ஒருபோதும் மாணவர்களைப் பழக்கக்கூடாது என்று தீர்த்தார்கள். மனோன்மணியின் குறிப்பேடு தப்பியது. மீதிக் காலத்தை என்னிடம் முடிக்கலாம் என்றார்கள்.

வெளியே வந்ததும் எடித் மிஸ்ஸின் பின்னால் போனேன். ஏதோ நன்றி சொல்லப்போனேன் என்று வையுங்களேன்.

"உங்களைக் காப்பாத்தினன் எண்டு கனவு காணாதேங்கோ" என்றார். "உங்கட கடிதத்தை வெளியில எடுத்தா மாணவியின்ர குறிப்பேடு எண்டு முதல் வரியிலயே கிடக்கு. அவள் என்ன எழுதினவள் எண்டு தோண்டுவாங்கள். புத்தகம் போயிடும். கடிதம் இல்லாமலே நீங்கள் சொல்லியிருக்கலாம். நான்தான் எழுத வேண்டாம் எண்டனான் எண்டு ஒரு சொல்லு. வாய் திறப்பியளோ எண்டு பார்த்தனான்."

நான் அப்போதும் திறக்கவில்லை.

அந்த ஆறு மாதமும் பேசாலை சனம் மருந்துக்கு மன்னாருக்கு ரயிலேறியது. அருளப்புவின் வீட்டார் எடித் மிஸ்ஸோடு கதைப்பதை விட்டார்கள். கோயிலில் அவர் இருந்த வாங்கில் வேறு யாரும் இருக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அவர் திரும்பவும் கடையைத் திறந்து, அதே வாயோடு, எழுபது வயதுவரை மருந்து கொடுத்தார். கடலுக்குப் போகிறவர்களின் எல்லா உறையிலும் கரை என்று எழுதினார். நானோ வருஷா வருஷம் மருந்தாளர்களுக்கு வகுப்பு நடத்தினேன். உங்களிடம் வருகிறவன் எப்போது படுக்கிறான் என்று முதலில் கேளுங்கள், மாணவருக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள் என்பது என் வகுப்பில் பேர்போன பாடம். எங்கே கற்றீர்கள் சேர் என்று கேட்பார்கள். அனுபவம் என்பேன்.

மனோன்மணி தேறினாள். பெரியாஸ்பத்திரிகளில் வேலை செய்தாள், தனக்குப் பிடித்தவரைக் கட்டினாள், எந்த ஊரில் இருந்தாலும் தைப்பொங்கலுக்கு எனக்கு வாழ்த்து அனுப்பினாள். அந்த வாழ்த்துகளை நான் வாசித்ததும் உண்டு, வாசிக்காமல் அலுமாரிக்குள் போட்டதும் உண்டு.

எடித் மிஸ்ஸின் செத்தவீட்டுக்குப் பேசாலைக்குப் போனேன். போகாவிட்டால் சங்கத்தில் கதைப்பார்கள். பந்தலுக்குள் ஒரு கதிரையில் இருந்தேன். தலை நரைத்த ஒரு பெண் வந்து பக்கத்தில் இருந்து, "சேர், சுகமோ?" என்றாள். மனோன்மணி.

கொஞ்ச நேரம் வீட்டுப் புதினங்கள் கதைத்தோம். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு விசயம் கேக்கோணும் எண்டு கன நாளா நினைக்கிறனான். விசாரணையண்டு என்னை வெளியில விட்டிட்டினம். உள்ளுக்கை என்ன கதைச்சனீங்கள்? சேர்தான் என்னைக் காப்பாத்தினவர் எண்டு என்ர பிள்ளையளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். இவ தான் மறந்ததுக்கு என்ர படிப்பை நாசமாக்கப் பார்த்தவ. அந்தக் கோபத்தில இண்டைக்கு வரைக்கும் இவவின்ர முகத்தில முழிக்கேல்லை. மன்னாரில ரெண்டு தரம் கண்டும் மற்றப் பக்கத்தால போனனான்."

எனக்கு எழுபது வயது. விசாரணைக்கு வந்த இருவரும் செத்துவிட்டார்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் கிடந்த அந்த மனுஷியின் வாய் மூடியிருந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ மறக்கேல்லை, பிள்ளை" என்றேன். "கரை எண்டு எழுத வேண்டாம் எண்டு கடிதம் போட்டது நான். எழுதினா உன்ர புத்தகத்தை நிப்பாட்டுவன் எண்டு வெருட்டினதும் நான். விசாரணையில அவ பழியைத் தன்ர தலையில போட்டா. நான் பேசாமல் இருந்தன்."

ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பத்திரண்டு வருசம்" என்றாள். "போன கிழமையாவது சொல்லியிருக்கலாம். முந்தநாள் வரைக்கும் அவவுக்கு அறிவு இருந்ததாம்."

கதிரையை விட்டு எழுந்து பெட்டியடிக்குப் போனாள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். எடித் மிஸ்ஸின் கால்மாட்டில் நிலத்தில் இருந்துகொண்டாள். நான் புறப்படும்போது வாறன் என்று சொன்னேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.